சிக்னல் நாலு கோடு, அழைப்பு மட்டும் போகவில்லை: உம்சிந்தோ கரும்புப் பள்ளத்தாக்கில் 3ஜி நின்ற பிறகு

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்துத் தென்கரையில் உம்சிந்தோவைத் தாண்டி, இக்ஸோபோ போகும் ஆர்612 சாலையை விட்டு மண்பாதையில் இறங்கினால் ஒரு பள்ளத்தாக்கு வரும். இரண்டு பக்கமும் மேடு, மேட்டில் கரும்பு, அதற்கும் மேலே யூகலிப்டஸ் தோப்பு. சில தமிழ்க் குடும்பங்கள், அதைவிட அதிகமாக ஜூலு குடும்பங்கள், சின்னக் கடையாக ஒரு டக்‌ஷாப், தகரக் கூரை போட்ட ஒரு மாரியம்மன் கோயில். ஊர்ப் பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஆள் யார் என்று அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மொபைல் நிறுவனத்தின் பேரும் வேண்டாம். இந்தத் தவறு யாருடைய நெட்வொர்க்கிலும் நடக்கக்கூடியது.

நடந்தது இதுதான். குளிர்காலம் முடிகிற சமயம். மேட்டுப்பக்கத் தோட்டக்காரர் ஒருவர் வெட்டுக்கு முன்னால் தன் கரும்பில் தீ வைத்தார். இங்கே அது வழக்கம். சோகையை எரித்துவிட்டால் வெட்டுகிறவர்களுக்கு வேலை சுலபம், பாம்பு பயமும் இல்லை. எரித்த கரும்பை மட்டும் இரண்டு மூன்று நாளுக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் சர்க்கரைச் சத்து இறங்கிவிடும். அதிகாலையில் காற்றே இல்லை. வெயில் ஏறியதும் உள்நாட்டு மலைப்பக்கத்திலிருந்து பெர்க் காற்று இறங்கியது. ஆகஸ்ட், செப்டம்பரில் சூடாக, ஈரமே இல்லாமல் திடீரென்று வரும் காற்று அது. ஃபயர்பிரேக் என்று விட்டிருந்த வெற்றுத்தரையைத் தீ தாண்டிவிடும் போலிருந்தது. கீழே இருந்த பக்கத்துத் தோட்டக்காரருக்குப் போன் அடித்தார். போகவில்லை. திரும்பவும் அடித்தார். போகவில்லை. மகனை பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், அனுப்பினார். பக்கி வளைந்து வளைந்து இறங்குவதற்குள் தீ தாண்டிவிட்டது. கீழே நின்றது பாதி வளர்ந்த மறுதாம்பு, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்த கரும்பு. எரிந்தபின் ஆலைக்கும் உதவாது, விட்டு வைக்கவும் முடியாது.

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சண்டை வந்துவிட்டது.

"மூணு தடவ அடிச்சேன் தம்பி, இதோ பாரு" என்று மேட்டுக்காரர் என்னிடம் போனை நீட்டினார். அழைப்புப் பட்டியலில் மூன்று முறை அந்த எண் இருந்தது, மூன்றும் பூஜ்யம் விநாடி. கீழ்த்தோட்டத்து அண்ணனும் தன் போனை நீட்டினார். "கையிலதான் வச்சிருந்தேன். ஒரு மிஸ்டு கால்கூட வரல." அவர் சொன்னதும் உண்மை.

இங்கே இது வெறும் மனஸ்தாபமாக நிற்காது, சட்டம் இருக்கிறது. வெல்ட் தீ (புல்வெளித் தீ), காட்டுத்தீ குறித்த 1998ஆம் ஆண்டின் 101ஆம் எண் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: தன் நிலத்துத் தீ ஆபத்தாகப் போகிறது என்று தெரிந்தால் சொந்தக்காரர், நிலக்காரர்களின் தீத்தடுப்புச் சங்கத்து அதிகாரிக்கும் பக்கத்து நிலத்தாருக்கும் உடனே தெரிவித்தாக வேண்டும். அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு: சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவர் நிலத்திலிருந்து தீ பரவி நஷ்டம் வந்தால், கவனக்குறைவு அவருடையது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. மேட்டுக்காரர் ஒழுங்காகச் சந்தா கட்டிய உறுப்பினர், அந்த வகையில் தப்பித்தார். ஆனாலும் 'உடனே தெரிவித்தாயா' என்ற கேள்வி அப்படியே நின்றது.

நான் திருச்சிப் பக்கத்தவன், டர்பனில் ரேடியோ நெட்வொர்க் அளவெடுக்கும் வேலை. கோயில் வழியாக இரண்டு வீட்டாரையும் தெரியும். 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு வந்த நாள் தொட்டு இந்தக் கரையோரத்தில் தமிழர் உழைத்தது கரும்பில்தான். ஒப்பந்தம் முடிந்து துண்டு நிலம் பிடித்தவர்களின் பேரன் பேத்திகள் இவர்கள். இளையவர்களுக்குத் தமிழ் கோயில் பாட்டோடு சரி. பெரியவர்கள் சிலர் இன்னும் பேசுகிறார்கள். இரண்டு தரப்பும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: போன் ஏன் போகவில்லை?

நிறுவனத்தின் முதல் பதில் ஒரு வரைபடம். பள்ளத்தாக்கு முழுவதும் பச்சை, 4ஜி உண்டு என்று அர்த்தம். மேட்டுக்காரர் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் வரைபடம் பொய் சொல்லவில்லை. போனில் நாலு கோடு, பக்கத்தில் 4ஜி. யூடியூப் தங்குதடையில்லாமல் ஓடுகிறது. அழைப்புதான் போகவில்லை.

டவரில் என்ன இருந்தது, என்ன போனது

மேட்டு முகட்டில் இருப்பது ஒரே டவர். சிலரிடம் இரண்டு சிம் உண்டு, ஒன்று போனால் இன்னொன்று என்ற நம்பிக்கையில். ஆனால் தென்னாப்பிரிக்காவில் எல்லா நிறுவனத்துக்கும் எல்லா இடத்திலும் சொந்த டவர் கிடையாது. ஒன்று மற்றொன்றின் நெட்வொர்க்கில் ரோமிங்கில் ஓடும். இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு சிம்மும் போய்ச் சேர்வது அதே டவரில்தான். தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த லேண்ட்லைன் செம்புக் கம்பியைத் திருடர்கள் வெட்டிக்கொண்டு போனது பழைய கதை. திரும்பக் கம்பி இழுக்க யாரும் வரவில்லை. ஆகவே டவர்தான் எல்லாம்.

அந்த டவரில் மூன்று தலைமுறை ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 900 மெகாஹெர்ட்ஸில் 2ஜி, அதே 900ல் ஒரு துண்டை எடுத்து 3ஜி, 1800ல் 4ஜி. நாட்டின் வரலாறும் ஏறக்குறைய இதே வரிசைதான். வோடாகாம், எம்டிஎன் நிறுவனங்கள் ஜிஎஸ்எம் என்ற 2ஜி சேவையைத் தொடங்கியது 1994ல், 3ஜி வந்தது 2004 கடைசியில், 4ஜி 2012ல். இப்போது பழையதை மூடச் சொல்லி அரசுக் கொள்கையே வந்துவிட்டது: 2024 மே மாதம் வெளியான அலைக்கற்றைக் கொள்கைப்படி 2ஜி, 3ஜி இரண்டும் 2027 டிசம்பர் 31க்குள் நிற்க வேண்டும். அலைக்கற்றை அளவாகத்தான் இருக்கிறது. அதே துண்டில் 3ஜி சுமப்பதைவிட 4ஜி பல மடங்கு டேட்டா சுமக்கும். மூடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எந்த வரிசையில் மூடினார்கள் என்பதில்தான் ஆட்சேபம்.

இந்த டவரில் முதலில் 3ஜியை நிறுத்தினார்கள். காலியான 900 துண்டில் 4ஜி போடுவதாகத் திட்டம். அதற்கு வேண்டிய ரேடியோ பெட்டி அடுத்த கட்டத்தில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த கட்டம் தள்ளிப்போனது. இடைப்பட்ட காலத்தில் பள்ளத்தாக்குக்கு மிஞ்சியது 900ல் மெலிந்த 2ஜியும், 1800ல் 4ஜியும்.

மேட்டில் நடந்தது

எனக்குத் துப்புக் கொடுத்தது மேட்டு வீட்டு ஆயா. எண்பதைத் தாண்டியவர், இடுப்பில் ஒரு பட்டன் போன் செருகியிருப்பார். எல்லோரும் பேசி முடித்த பிறகு சொன்னார்: "கரண்டு போனாத்தான்யா பேரன் போனு போவுது. கரண்டு இருந்தா போவாது." கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நிறுவனத்துக்கு எழுதிய புகாரிலும் யாரோ இதைச் சேர்த்திருந்தார்கள், அங்கேயும் யாரும் பொருட்படுத்தவில்லை. கரண்ட் போனால் டவர் சாகும் என்றுதான் இங்கே எல்லோருக்கும் பழக்கம். 2023ல் 300 நாளுக்கு மேல் லோட்ஷெட்டிங் என்ற முறை மின்வெட்டைப் பார்த்த நாடு இது. அப்படியிருக்க, கரண்ட் போனால் போன் போகிறது என்றால்?

பேரனின் ஸ்மார்ட்போனை வாங்கி ஆயாவின் எண்ணுக்கு அடித்தேன். அழைப்புப் பட்டனை அழுத்தியதும் திரையின் மேல்மூலையில் இருந்த 4ஜி மறைந்தது. கோடு நாலும் காணாமல் போயின. சில விநாடி ஒன்றுமே இல்லை, சத்தமும் இல்லை. அப்புறம் ஒரே ஒரு கோடும், 2ஜியின் அடையாளமான ஆங்கில 'ஈ' எழுத்தும் எட்டிப் பார்த்தன. அதற்குள் 'அழைப்பு முடிந்தது' என்று போன் தானே வைத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் 4ஜி திரும்ப வந்து நாலு கோட்டோடு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்துகொண்டது. அதே இடத்தில், அதே நிறுவன சிம்மில் ஆயாவின் பட்டன் போனிலிருந்து அடித்தால் உடனே மணி அடித்தது. ஸ்மார்ட்போனின் செட்டிங்கில் 2ஜி மட்டும் என்று மாற்றிவிட்டு அடித்தால் அதுவும் போனது.

விஷயம் அங்கேயே பாதி தெளிவாகிவிட்டது. 4ஜி என்பது டேட்டாவுக்காகக் கட்டியது. அதில் குரல் பேச வோல்ட்டி என்ற வசதி வேண்டும். போனிலும் இருக்க வேண்டும், சிம்மிலும் நெட்வொர்க்கிலும் திறந்திருக்க வேண்டும். இல்லாத போனில் அழைப்பு வந்தாலோ போட்டாலோ, 4ஜி அதைக் கீழே இருக்கும் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறக்கிவிடும். 'இந்த அலைவரிசைக்குப் போ' என்று டவர் ஒரு கட்டளை கொடுக்கும், போன் அங்கே தாவும், பேசி முடித்ததும் ஏறி வரும். வழக்கமாகச் சில விநாடி வேலை, பயன்படுத்துகிறவருக்குத் தெரியவே தெரியாது.

பதிவு எடுக்கும் போனை லேப்டாப்பில் மாட்டி அந்தக் கட்டளையைப் பார்த்தேன். 4ஜி சொன்ன அலைவரிசை எண், நிறுத்தப்பட்ட 900ன் 3ஜி எண். டவரில் 3ஜியை அணைத்தவர்கள், 4ஜியின் பட்டியலிலிருந்து அதன் எண்ணை எடுக்கவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு போனவருக்குப் பழைய முகவரியிலேயே தபால் அனுப்புகிற கதை. போன் அங்கே போய்த் தேடுகிறது, ஆள் இல்லை. அப்புறம் தானாகவே எல்லா அலைவரிசையையும் துழாவி 2ஜியைக் கண்டுபிடித்து, 'நான் வந்துவிட்டேன்' என்று அங்கே பதிவு செய்ய வேண்டும். அதற்குள் நேரம் முடிந்து அழைப்பு விழுந்துவிடுகிறது. அழைப்பு நெட்வொர்க்கின் மையத்துக்கே போய்ச் சேராததால் எதிர்ப்பக்கம் மிஸ்டு கால் என்று ஒன்றும் பதிவாகாது. இரண்டு அண்ணன்மாரும் உண்மை சொன்னது இப்படித்தான்.

ஆயா சொன்னதற்கும் இதில் விடை இருக்கிறது. கரண்ட் போனதும் டவர் பேட்டரிக்கு மாறும். பேட்டரி நீடிக்க வேண்டும் என்பதற்காக, அதிகம் சாப்பிடும் 4ஜியை முதலில் அணைத்துவிட்டு 2ஜியை மட்டும் ஓட விடுவது பல இடங்களில் வழக்கம், இங்கேயும் அப்படித்தான். 4ஜி அணைந்ததும் பேரனின் போன் நேராக 2ஜியில் உட்கார்ந்துவிடும். செத்த அலைவரிசைக்கு அனுப்ப ஆளில்லை. அழைப்பு ஒழுங்காகப் போகும். கரண்ட் வந்தால் 4ஜி வரும், அழைப்பு நின்றுபோகும்.

நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், நல்ல மனிதர், பதிவைப் பார்த்ததும் ஒப்புக்கொண்டார். மாகாணம் முழுக்க ஒரே ஸ்கிரிப்ட்டில் அந்தப் பட்டியலைத் திருத்தியிருக்கிறார்கள்; இந்த டவர் கணக்கில் வேறு தொகுப்பின் கீழ் இருந்ததால் விட்டுப்போய்விட்டது. திருத்த எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே திருத்தினார். புகார் மேசைக்குப் பல வாரம் எழுதியும் நகராத விஷயம்.

மேசைக்காரர்களைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை. அவர்கள் திரையில் டவர் உயிரோடு இருக்கிறது, 4ஜி ஓடுகிறது, எச்சரிக்கை விளக்கு ஒன்றும் எரியவில்லை. மையத்துக்கு வந்து சேராத அழைப்பு, தோல்வியடைந்த அழைப்பு என்ற கணக்கிலும் சரியாக விழாது. இறக்கிவிட்டதோடு 4ஜியின் கணக்கு முடிந்தது. வந்து சேராதவரை 2ஜிக்குக் கணக்கே இல்லை.

பள்ளத்தில் நடந்தது

மேட்டுக் கோளாறு சரியானதும் விஷயம் முடிந்தது என்று நிறுவனம் புகாரை மூடப் பார்த்தது. கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை. அங்கே கோளாறு வேறு, இதைத் திருத்த ஒரு வரி போதாது.

முகட்டில் 4ஜியின் வலு மைனஸ் 90 டெசிபலைச் சுற்றி இருந்தது. கீழே ஓடைப்பக்கம் போகப் போக மைனஸ் 120ஐத் தொட்டது. பத்து டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. மலை மறைப்பு முதல் காரணம். 1800 மெகாஹெர்ட்ஸ் இரண்டாவது: அதே தூரத்தில் 900ஐவிட நாலில் ஒரு பங்கு வலுதான் வந்து சேரும், மேட்டு விளிம்பில் வளைந்து இறங்குவதும் குறைவு. இடையில் யூகலிப்டஸ் தோப்பு வேறு. மழை பெய்து இலை நனைந்தால் இன்னும் மோசம்.

பலர் யோசிக்காத இன்னொன்று, போன் டவருக்குத் திரும்பப் பேச வேண்டும் என்பது. பழைய 900 பட்டன் போன் 2 வாட் வரை கத்தும். 4ஜி போனின் எல்லை 0.2 வாட். பட்டன் போன் எட்டில் ஒரு பங்கு நேரம்தான் கத்துகிறது, ஆகவே பத்து மடங்கு லாபம் முழுதாகக் கைக்கு வராது. ஆனாலும் ஓடைக்கரையில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. டவர் சொல்வது போனுக்குக் கேட்கிறது, போன் சொல்வது டவருக்குக் கேட்பதில்லை. திரையில் ஒரு கோடு தெரியும், வேலை ஒன்றும் நடக்காது.

முன்பு இந்த இடத்தை 900ன் 3ஜி பிடித்துக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப் ஓடியது, ஆலையிலிருந்து வரும் கரும்பு லாரி முறைப் பட்டியல் வந்தது. இப்போது கீழே உள்ள அத்தனை போனும் 2ஜிக்கு இறங்கிவிட்டன. 2ஜியின் ஒரு ரேடியோவுக்கு எட்டு இடம். ஒன்று டவரின் அறிவிப்புக்கு, இன்னொன்று கட்டளைகளுக்கு. மிச்சம் ஆறு. ஒரே நேரத்தில் ஆறு பேர் பேசலாம். அரைவேக முறையைத் திறந்தால் இரட்டிப்பாகும், குரல் கரகரக்கும். 3ஜி இருந்த காலத்தில் ஸ்மார்ட்போன் அழைப்புகள் அங்கே போனதால் 2ஜிக்கு ஆறே தாராளம் என்று ஒரே ரேடியோவாகக் குறைத்திருந்தார்கள். 3ஜி போன பிறகு அதை யாரும் கூட்டவில்லை.

தீ பிடித்த காலையை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். புகையைக் கண்டதும் பள்ளத்தாக்கில் ஒவ்வொருவரும் போனை எடுத்திருக்கிறார்கள். எங்கே எரிகிறது, யார் வீட்டுப் பக்கம் என்று ஆளுக்கு ஆள் விசாரிப்பு. ஆறு இடமும் நிரம்பிவிட்டது. மேட்டுக்காரரின் முதல் இரண்டு அழைப்பு செத்த அலைவரிசையில் விழுந்தன. மூன்றாவதில் போன் எப்படியோ 2ஜியைப் பிடித்துவிட்டது, அப்போது இடம் இல்லை. அவசர எண் 112க்கும் இதே வழிதான். வோல்ட்டி இல்லாத போன் 112 அடித்தாலும் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். அவசர அழைப்புக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் முதலில் 2ஜிக்குப் போய்ச் சேர வேண்டுமே.

ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் 28 அன்று 3ஜியை மூடத் தொடங்கியபோது இதே பிரச்சினை பெரிதாகக் கிளம்பியது. 4ஜியில் சாதாரணமாகப் பேசும் சில போன்கள், அவசர எண்ணை மட்டும் 3ஜியில் தேடுகிறவையாக இருந்தன. அப்படிப்பட்ட போன்களுக்குச் சேவையே கொடுக்கக்கூடாது என்று அங்கே நிறுவனங்களுக்குக் கட்டளை. கடுமையான முடிவுதான், ஆனால் அவசரத்தில் கைவிடும் போன் ஒருவர் கையில் இருப்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

போனைத் தவிர மற்றவை

வீடு வீடாகப் போய் சிம் எங்கெங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டோம். போன்களை எளிதாகக் கணக்கெடுத்துவிட்டோம். மற்றதுதான் எங்களைத் திணறடித்தது. போர்வெல் மோட்டாரை எஸ்எம்எஸ் அனுப்பி ஓட்டும் சின்னப் பெட்டி, ஷெட் அலாரம், டக்‌ஷாப்பின் கார்டு மெஷின், பக்கியிலும் டிராக்டரிலும் ஒளித்து வைத்த டிராக்கர். தென்னாப்பிரிக்காவில் இன்ஷூரன்ஸ்காரர் டிராக்கர் கேட்பது சாதாரணம். அதில் பெரும்பாலானவை 2ஜியில் பேசுபவை. கீழ்த்தோட்டத்து மோட்டார் பெட்டியைத் திறந்தால் உள்ளே கட்டைவிரல் அளவு மாட்யூல், பக்கத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. நெட்வொர்க்கைத் தேடும்போது வேகமாகவும் கிடைத்தபின் மெதுவாகவும் சிமிட்டும் வகை. மாலை நேரத்தில் அது அடிக்கடி வேகமாகச் சிமிட்டியது. மோட்டாரை நிறுத்தச் சொன்ன எஸ்எம்எஸ் அரை மணி கழித்து வந்து தொட்டி வழிந்த கதையைப் பலர் சொன்னார்கள்.

ப்ரீபெய்டு கரண்ட் வாங்குவதும் இதில் சேர்த்தி. 20 இலக்க டோக்கனை நட்சத்திரக் குறி எண் அடித்து போனிலேயே வாங்குகிறார்கள். அந்த வகைச் சேவையும் அழைப்பைப்போல 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கியே நடப்பது வழக்கம். மேட்டில் அது நின்றுபோனதை யாரும் நெட்வொர்க் கோளாறு என்றே நினைக்கவில்லை, வங்கியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிம் கார்டே ஒரு தடை என்பது கணக்கெடுப்பில்தான் தெரிந்தது. மிகப் பழைய சிம்கள் 4ஜியில் பதிவே ஆகாது, எவ்வளவு புதுப் போனில் போட்டாலும். மாற்ற வேண்டுமானால், சிம் பதிவுக்கான ரைக்கா சட்டப்படி அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் வேண்டும். தோட்டத்தில் குடியிருக்கும் வேலைக்காரக் குடும்பங்களிடம் முகவரிச் சான்று எங்கே இருக்கிறது? கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் தோட்டக்காரர் பேரில். கடைசியில் தோட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு ஒரு சனிக்கிழமை பக்கியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு உம்சிந்தோ டவுனுக்குப் போய் வந்தார்கள்.

என்ன செய்தோம், என்ன மிச்சம்

மேட்டில் வேலை சுலபம். வோல்ட்டி இருக்கும் போன்களில் செட்டிங்கில் அது அணைந்து கிடந்தது, அல்லது மென்பொருள் பழசாக இருந்தது. சரி செய்ததும் அழைப்பு கீழே இறங்காமல் 4ஜியிலேயே போகிறது. விலை குறைந்த சில மாடல்களில் வோல்ட்டி இருந்தும் இந்த நிறுவனத்தின் பட்டியலில் அந்த மாடல் இல்லாததால் வேலை செய்யவில்லை. போன் வாங்கும்போது கடையில் 4ஜியா என்று மட்டும் கேட்டால் போதாது, நம் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு போட்டு, பேசும்போது 4ஜி அடையாளம் அப்படியே நிற்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் 2,500 ராண்டுக்குக் குறைந்த ஸ்மார்ட்போன்களுக்கு 9 சதவீத ஆடம்பர வரியை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பட்டியலில் இல்லாத மாடல்கள் அதிகம் கிடப்பதும் அந்த விலைக்குள்தான்.

கீழே ஒரு குடும்பம் ஆன்லைனில் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் பெட்டி வாங்கலாமா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இக்காசாவின் அனுமதி இல்லாத பூஸ்டர் சட்டப்படி தவறு என்பது ஒருபுறம். அந்தப் பெட்டி டவரை நோக்கிக் கொட்டும் இரைச்சலில் மிச்சம் இருக்கும் ஆறு இடமும் கெட்டுப்போகும். பதிலாக, முகட்டிலிருந்து சின்ன டிஷ் வைத்து கம்பியில்லா இன்டர்நெட் தரும் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் மூன்று வீடு சேர்ந்து இணைப்பு வாங்கியது. வைஃபை வழி அழைப்பு அதில் போகிறது. வீட்டுக்குள் நன்றாக இருக்கிறது, வயலில் உதவாது. ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இன்டர்நெட் பேச்சும் வந்தது, ஆனால் அப்போது அதற்கு இங்கே உரிமம் இல்லை.

நிறுவனம் 2ஜிக்கு இரண்டாவது ரேடியோவைத் திரும்பப் போட்டது. 900ல் 4ஜிக்கான பெட்டியும் தாமதமாக வந்து சேர்ந்தது. அதன்பிறகு ஓடைக்கரையில் வாட்ஸ்அப் மீண்டும் ஓடுகிறது, வோல்ட்டி இருக்கும் போனில் பேசவும் முடிகிறது. இதே இரண்டையும் 3ஜியை அணைப்பதற்கு முன்னால் செய்திருந்தால் பள்ளத்தாக்குக்குச் சேதி தெரிந்தே இருக்காது. எந்த டவரில் எந்த மாடல் போன் எத்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதில் எத்தனைக்கு வோல்ட்டி இல்லை என்ற கணக்கு நெட்வொர்க்கில் தினமும் தானாகச் சேர்கிறது. போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணில் முதல் எட்டே மாடலைச் சொல்லிவிடும். கணக்கை எடுத்துப் பார்க்க ஒரு நாள் வேலை. மக்கள்தொகையில் இத்தனை சதவீதத்துக்கு 4ஜி என்று அறிக்கை எழுதுவதற்குக் கொடுக்கும் கவனத்தில் கொஞ்சம் இதற்குப் போதும். இந்தப் பள்ளத்தாக்கு மொத்தமும் அந்தச் சதவீதத்தில் ஒரு புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கம்கூட இல்லை என்பதும் தெரிந்ததுதான்.

தீக்கு மட்டும் இனி போனை நம்புவதில்லை என்று இரண்டு தோட்டமும் முடிவு செய்திருக்கின்றன. தீத்தடுப்புச் சங்கத்தின் அலைவரிசையில் பேசும் கை ரேடியோ, வீட்டுக்கு ஒன்று. இடையில் டவர் வேண்டாம், ஆறு பேர் கணக்கும் இல்லை, பட்டனை அழுத்தினால் எல்லோர் காதிலும் விழும். நஷ்டத்தைப் பொறுத்தவரை வழக்கறிஞர் வரை போகவில்லை. எரிந்த மறுதாம்பைத் தோண்டி மறுநடவு செய்யும் செலவில் பாதியை மேட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். என் பதிவுத்தாளைக் கீழ்த்தோட்டத்து அண்ணன் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம், "அப்ப அவன் அடிச்சிருக்கான்" என்றார். அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது 2027. அன்று 2ஜியும் போனால் ஆயாவின் பட்டன் போன், மோட்டார் பெட்டி, டிராக்கர், அலாரம் எல்லாம் ஒன்றாக நிற்கும். வோல்ட்டி இல்லாத போனுக்கு இறங்க இடமே இருக்காது. கணக்கெடுத்த பட்டியலை நிறுவனத்துக்கு அனுப்பி மூன்று விஷயம் கேட்டிருக்கிறோம்: 2ஜியை அணைக்கும் தேதியை ஆறு மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், அணைப்பதற்கு முன் ஒரு வாரம் பகலில் மட்டும் அணைத்துப் பார்க்க வேண்டும், அந்த வாரம் யாரிடம் பேசுவது என்று ஒரு ஆளின் நேரடி எண் வேண்டும். இந்த டவருக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. அடுத்த வெட்டு ஏப்ரலில் தொடங்கும். அதற்குள் கை ரேடியோக்களுக்கு இக்காசா லைசன்ஸ் வந்தாக வேண்டும், விண்ணப்பம் போயிருக்கிறது.